கோதுமை ஆகாதா? பரிட்டோ கடைக்கும் போகலாம்!

'அதான் எடுத்துட்டேனே, இன்னும் என்ன?' என்கிற மாதிரி பார்த்தானாம் அந்தக் கடைப் பையன்.

நடந்தது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில். 2023 மே மாதம். என் அண்ணன் மகளுக்கு அப்போது பதினாலு வயது. வீட்டில் 'குட்டி' என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி முடிந்ததும் சிநேகிதிகள் நாலைந்து பேர் சேர்ந்து பக்கத்துப் பரிட்டோ கடைக்குப் போவது வழக்கம். குட்டிக்கு 'செலியாக்' என்கிற வியாதி. கோதுமை துளியும் ஆகாது. அதனால் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டித் தரும் அந்தப் பெரிய கோதுமை 'டார்ட்டியா'வை விட்டுவிட்டு, சோறு, பீன்ஸ், கோழி மட்டும் போட்டு ஒரு கிண்ணம் கேட்டிருக்கிறாள். பையனும் போட்டான். கடைசியில், கை பழகிய தோஷம், ஒரு டார்ட்டியாவை எடுத்துக் கிண்ணத்தின் மேல் மூடினான். "ஐயோ, எனக்குக் கோதுமை ஆகாது" என்று குட்டி பதறியதும், விரல் நுனியால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அதே கிண்ணத்தை நீட்டினான்.

பின்னால் நீளமான வரிசை. பக்கத்தில் சிநேகிதிகள். வேறு கிண்ணம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாள். அந்த வாரத்து ஓட்டப்பந்தயமும் போயிற்று.

அது பெரிய கம்பெனிக் கடை இல்லை, சின்ன உள்ளூர்க் கடை. பெயர் எதற்கு? அந்தப் பையனும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறவள். சர்க்கரை, பி.பி., சிறுநீரகம் என்று ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுப்பேன். செலியாக் நோயாளியை மட்டும் இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, எனக்கே இது பாடம்தான்.

வாந்தியைவிட, மூன்றாம் நாள் குட்டி சொன்னதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. "அத்தை, இனிமே நான் அவங்களோட போகலை. வீட்டுல வேலை இருக்குன்னு சொல்லிடறேன். ஒவ்வொரு தடவையும் எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லிக்கிட்டு... வேணாம்."

பதினாலு வயசுப் பெண் கூட்டாளிகளை விட்டு ஒதுங்க முடிவு செய்கிறாள் என்றால் அதுவும் ஒரு பக்கவிளைவுதானே? அதற்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் அந்த மாதம் முழுக்க நான் பரிட்டோ கடைகளைச் சுற்றினேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிற பெற்றோர்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பேரன் பேத்திக்கு இந்த வியாதி இருக்கிற வீடுகளும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு கைப்பிடி கோதுமை மாவைப் பிசைந்து, குழாய்த் தண்ணீருக்கு அடியில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடிவிடும். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். இழுத்தால் இழுபடும். அதுதான் க்ளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி விரிக்க முடிகிறதே, அது இதன் புண்ணியம். கோதுமை, பார்லி, ரை என்கிற மூன்று தானியங்களில் இந்த வகைப் புரதம் இருக்கிறது. அரிசி, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, பருப்பு வகைகளில் இல்லை.

செலியாக் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தச் சிறுகுடலைத் தாக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் 'குடலுறிஞ்சிகள்' என்று படித்திருப்பீர்கள், சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்குமே, அவை மழுங்கித் தேய்ந்துவிடும். பிறகு நெய்யும் பாலும் கீரையும் கொடுத்து என்ன பயன்? சத்தை உறிஞ்ச இடம் இல்லையே! வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைவு, வளர்ச்சிக் குறைவு, எலும்பு பலவீனம் என்று ஒவ்வொன்றாக வரும். குட்டிக்கு வந்தது ரத்தசோகை. இரண்டு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. வகுப்பில் அவள்தான் குள்ளம். "நம்ம பரம்பரை அப்படி" என்று எல்லோரும் விட்டுவிட்டோம்!

இது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, அல்ல. கோதுமை அலர்ஜி என்பது தனி. அதில் சில நிமிஷங்களிலேயே தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம். அவர்கள் டாக்டர் கொடுத்த அவசர ஊசியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். செலியாக்கில் ஆபத்து மெதுவாக, உள்ளுக்குள் நடக்கும். சிலருக்குக் குட்டி மாதிரி உடனே வாந்தி. சிலருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனாலும் குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும். 'சாப்பிட்டுப் பார்த்தேன், ஒண்ணும் பண்ணலை' என்ற பேச்சு இந்த வியாதிக்குச் செல்லாது.

கோதுமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பிடித்தவர் வில்லெம் டிக்கே என்கிற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஹாலந்தில் பயங்கரப் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் படுத்துவிட்டார்கள். முன்பிருந்தே அவருக்குச் சந்தேகம் உண்டு. 1950ல் ஆய்வேடாகவே எழுதி நிறுவினார். இன்று வரைக்கும் வைத்தியம் அதேதான்: க்ளூட்டனை ஆயுளுக்கும் விடுவது.

நம் பக்கம் ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை? 2016ல் வெளியான ஓர் ஆய்வு, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் செலியாக் இருப்பதையும், தெற்கே அது ஆயிரத்துக்கு ஒருவர் என்கிற அளவில்தான் இருப்பதையும் காட்டியது. வியாதிக்கு இடம் கொடுக்கும் மரபணு தெற்கேயும் உண்டு. கோதுமை சாப்பிடும் அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தினமும் ரொட்டி, பாஸ்தா, பீட்சா என்று வளர்கிற பேரப்பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, பாருங்கள்.

கழுதைக்குட்டியின் கதை

'பரிட்டோ' என்றால் ஸ்பானிஷ் மொழியில் சின்னக் கழுதை! ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மெக்சிகோவின் ஆதி உணவு மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டுவதுதான் பழைய டார்ட்டியா. (இந்தச் சுண்ணாம்பு வைத்தியம் சாதாரணமில்லை. சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற பி வைட்டமினை அதுதான் உடம்புக்கு விடுவிக்கிறது. சோளத்தை வாங்கிப்போன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை மறந்தார்கள். பெலாக்ரா என்கிற நோயில் மாட்டிக்கொண்டார்கள்.) கோதுமையை ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். வடக்கு மெக்சிகோவில் அது நன்றாக விளைந்தது. பரிட்டோவைச் சுற்ற உதவுவது இந்தக் கோதுமை டார்ட்டியாதான். பெரிதாக விரித்து மடிக்க அந்த ரப்பர் இழுவை வேண்டுமே! சோள டார்ட்டியா அந்த அளவுக்கு மடங்காது, உடைந்துவிடும்.

வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போட்டுச் சுருட்டித் தரும் பெரிய பரிட்டோ, 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில் பிரபலமானது. 1993ல் ஸ்டீவ் எல்ஸ் என்ற சமையல்காரர் டென்வரில், முன்பு ஐஸ்க்ரீம் கடையாக இருந்த ஓர் இடத்தில் 'சிப்போட்லே' கடையை ஆரம்பித்தார். அது நாடு முழுக்கப் பரவியது. அதே பாணியில் இன்று எத்தனையோ கடைகள்.

நம் ஆட்களுக்கு இந்தக் கடைகள் சட்டென்று பிடித்துப்போகும். சோறு இருக்கிறது, அதில் கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் கலந்திருக்கிறது. ராஜ்மா மாதிரி பீன்ஸ், தக்காளி வெங்காயச் சட்னி மாதிரி 'சால்சா', மிளகாய்க் காரம்! க்ளூட்டன் ஆகாதவருக்கும் பீட்சா கடையைவிட, பர்கர் கடையைவிட இது எவ்வளவோ மேல். சிப்போட்லே தன் பட்டியலில், கோதுமை டார்ட்டியாவைத் தவிர்த்தால் மற்றவற்றில் க்ளூட்டன் உள்ள பொருள் சேர்ப்பதில்லை என்று சொல்கிறது. கேட்டால் கையுறை மாற்றித் தருவதாகவும் சொல்கிறது. ஆனால் எல்லாம் ஒரே திறந்த சமையலறையில் நடப்பதால் துளிகூடப் படாது என்று உத்தரவாதம் தருவதில்லை. சோளப் பண்டங்களில் வயலிலேயே மற்றத் தானியம் கலந்து துளி க்ளூட்டன் வரலாம் என்றும் எச்சரிக்கிறது. நேர்மையான பேச்சு. ஆனால் பட்டியல்கள் மாறும், புதுப் பண்டங்கள் வந்து போகும். போகிற அன்றைக்கு அந்தக் கடையின் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவது அவசியம்.

வரிசையில் நின்று பார்த்தது

ஒரு சனிக்கிழமை மதியம் வேறொரு கடையில் எலுமிச்சை ஜூஸை வாங்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். அண்ணனுக்கு ஒரே சங்கடம். "என்னம்மா, துப்பறியற மாதிரி உக்காந்திருக்கே!" துப்பறியத்தானே வந்தேன்?

முதலில் டார்ட்டியாவை ஆவி அழுத்தும் ஒரு கருவியில் வைத்துச் சூடாக்குகிறார்கள். அதே கருவியில்தான் சோள டார்ட்டியாவும் சூடாகிறது. ஆக, 'சோளம்தானே, மெத்தென்ற டாக்கோ வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். பிறகு சோறு, பீன்ஸ், கறி. இவற்றைக் கரண்டியால் எடுக்கிறார்கள். கரண்டியின் முதுகு டார்ட்டியாவில் படுகிறது. திரும்பவும் பாத்திரத்துக்குள் போகிறது. அவசரத்தில் இது பத்துக்கு நாலு தடவை நடந்தது.

அடுத்ததுதான் நான் எதிர்பார்க்காத இடம். சீஸும் லெட்டூஸ் கீரையும்! இவற்றுக்குக் கரண்டி கிடையாது. கையுறை போட்ட கையாலேயே அள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கை கொஞ்சம் முன்னால் என்ன செய்தது? கோதுமை டார்ட்டியாவை மடித்தது. மாவுத் தூள் அப்படியே சீஸ் பாத்திரத்துக்குள். கையுறை என்றால் சுத்தம் என்று நாம் நினைக்கிறோம். அது அவர் கையைக் காப்பாற்றுகிறதே தவிர நம் கிண்ணத்தை இல்லை.

துளித் தூள்தானே என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் க்ளூட்டன் இருக்கும். செலியாக் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடல் தாங்கும் என்கிறார்கள். அந்த ரொட்டித் துண்டை இருநூறாகப் பிய்த்தால் அதில் ஒரு துணுக்கு! குட்டியின் கிண்ணத்தை ஒரு டார்ட்டியா முழுசாக மூடியிருந்தது. சூட்டில் க்ளூட்டன் அழிந்துவிடும் என்பதும் தப்பு. வெந்தாலும் வறுத்தாலும் அது அப்படியே இருக்கும்.

இன்னும் சில மறைவிடங்கள் உண்டு. கறியை ஊறவைக்கும் மசாலாவில் சோயா சாஸ் ஊற்றுகிற கடைகள் இருக்கின்றன. சோயா பருப்புதானே என்று ஏமாற வேண்டாம், சாதாரண சோயா சாஸில் கோதுமை சேர்த்துத்தான் புளிக்கவைக்கிறார்கள். சில இடங்களில் பீர் ஊற்றுவார்கள்; அது பார்லி. உருகிய சீஸ் குழம்பைக் கெட்டியாக்க மைதா கரைத்து விடுவது உண்டு. 'மோலே' என்கிற மெக்சிகன் குழம்பில் ரொட்டியை அரைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சைவர்களுக்கென்று வரும் 'கறி மாதிரி' பண்டங்களில் சில, சுத்தமான கோதுமைப் புரதம். குழாய்த் தண்ணீரில் கசக்கினோமே, அதே ரப்பர் உருண்டைதான்! டோஃபு என்றால் சோயா பனீர், அது பரவாயில்லை. எதில் ஊறவைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

சோள வறுவலும் கேட்டு வாங்க வேண்டியதுதான். எண்ணெய்ச் சட்டியில் சோளம் மட்டும்தான் பொரிக்கிறார்களா, கோதுமை டார்ட்டியாவும் அதிலேயே பொரிகிறதா? இரண்டாவது என்றால் வேண்டாம். கடையிலேயே கோதுமை மாவு பிசைந்து டார்ட்டியா தட்டுகிற இடங்களில் மாவுத் தூசி காற்றிலேயே பறக்கும். அங்கே நான் குட்டியைக் கூட்டிப்போக மாட்டேன். வாசனை தூக்கும், என்ன செய்ய!

'க்ளூட்டன் ஃப்ரீ' என்ற சொல்லுக்கு அமெரிக்க அரசு 2013ல் அளவு வைத்தது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தியாவிலும் அளவு அதேதான். சில ஓட்டல்களில் 'க்ளூட்டன் ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருப்பார்கள். அதற்குச் சட்டத்தில் எந்த அர்த்தமும் இல்லை. சிநேகமாம் சிநேகம்! பொட்டலங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 'கோதுமை உள்ளது' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'மால்ட்' என்று ஒரு மூலையில் இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. நம்மூர் மால்ட் பானங்களும் இந்தக் கணக்கில் வரும்.

எப்படிக் கேட்பது?

எதை வாங்குவது என்பது சுலபம். கிண்ணம் அல்லது சாலட். சிக்கல் எல்லாம் கேட்பதில்தான்.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பகல் பன்னிரண்டரைக்கும் மாலை ஆறரைக்கும் போனால் யாருக்கும் நின்று கேட்கப் பொறுமை இருக்காது. இரண்டரை, மூன்று மணிக்குப் போங்கள். வரிசை இருக்காது. போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆர்டர் செய்வது சௌகரியம்தான், ஆனால் பின்னால் தனி மேஜையில் யார் என்ன செய்தார் என்று பார்க்க முடியாது. பழகாத கடையில் நேரில் போவதே நல்லது.

வரிசையின் ஆரம்பத்திலேயே, அவர் கை பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். குட்டி எப்போதும் கடைசியில், மெல்லிய குரலில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். நாங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தோம். நான் கடைக்காரி, அவள் வாடிக்கை. அம்மாவுக்கு (குட்டியின் பாட்டிக்கு) ஒரே சிரிப்பு. மூன்று வாக்கியம்தான்:

"ஐ ஹேவ் செலியாக் டிசீஸ். நோ ஃப்ளார் டார்ட்டியா, நாட் ஈவன் எ க்ரம்ப். குட் யூ ப்ளீஸ் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் அண்ட் சேஞ்ச் யுவர் க்ளவ்ஸ்?"

செலியாக் என்ற சொல் எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தால் 'வீட் அலர்ஜி' என்றே சொல்லிவிடலாம். அலர்ஜி இல்லை என்று கொஞ்சம் முன்னால் நானே எழுதினேன், ஞாபகம் இருக்கிறது. கடை வரிசையில் மருத்துவப் பாடம் எடுக்க முடியாதே. அந்தச் சொல்லுக்கு அங்கே மேனேஜரே எட்டிப் பார்க்கிறார்.

அடுத்து, சுத்தமான கரண்டி. முடிந்தால் உள்ளேயிருந்து புதுப் பாத்திரத்தில் சோறும் பீன்ஸும். பெரும்பாலான கடைகளில் பின்னால் சூடாக நிரப்பித் தயாராகவே இருக்கும். சீஸும் லெட்டூஸும் புதிதாகப் பிரித்த டப்பாவிலிருந்து மட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். ஒரே ஆள் ஆரம்பத்திலிருந்து மூடி போடுகிறவரை கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தால் உத்தமம். கை மாறும்போதுதான் தப்பு நடக்கிறது. முழுக்க முழுக்கத் தயாரான பிறகு தப்பு நடந்தால், மேலே விழுந்ததை எடுத்துவிட்டுத் தருவது சரியில்லை. "புதுசா ஒரு கிண்ணம் வேணும்" என்று கேட்கத்தான் வேண்டும். காசு கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்று நாள் படுக்கையைவிட அது மலிவு.

அலட்டிக்கொள்ளாமல் முகத்தைச் சுளித்தால்? "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். பையில் ஒரு வாழைப்பழமும் வேர்க்கடலையும் இருந்தால் அந்தத் தைரியம் தானாக வரும்.

தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் அதை முறிக்க மருந்து கிடையாது. க்ளூட்டனைக் கரைக்கும் மாத்திரை என்று விற்பதை நம்பி ஒரு வாய் பரிட்டோ சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். ஓய்வு, உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி. வாந்தி நிற்காமல் நாக்கு வறண்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு கள்ளன்

இதைச் சொல்லாமல் விட்டால் கடைக்காரர்களுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன்.

குட்டிக்கு வியாதி தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் கோதுமை மாவு, ரவை, சேமியா, மைதா எதுவும் இல்லை. இட்லி, தோசை, சாம்பார், ரசம்தான். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் செலியாக் எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்கியதே தவிர சரியான அளவுக்கு வரவில்லை. டாக்டர் "வெளியே சாப்பிடுவதைக் குறையுங்கள்" என்றார். பழி முழுக்கப் பரிட்டோ கடை மேல்.

ஒரு நாள் அம்மா ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சேர்மானப் பொருள்: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்! நாம் வாங்கும் பெருங்காயத் தூள் பெரும்பாலும் 'கூட்டுப் பெருங்காயம்'தான். சுத்தமான பெருங்காயப் பிசினின் காட்டம் தாங்காது என்பதால் மாவு கலந்துதான் விற்கிறார்கள். அது பல கம்பெனிகளில் கோதுமை அல்லது மைதா. சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "நான்தானா குழந்தைக்கு தினம் போட்டுட்டிருந்தேன்?" என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டப்பாவைப் படிக்க யாருமே சொல்லித் தரவில்லை, அவள் என்ன செய்வாள்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்! அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்கினோம். அதே மாதிரி சாம்பார்ப் பொடி, ஊறுகாய், ஓட்ஸ் எல்லாவற்றின் முதுகையும் படித்தோம். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்கு ஆகும். ஆனால் கோதுமையோடு கலந்தே வருவதால் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஓட்டலில் இட்லி தோசை என்றாலும், ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றுவார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

படித்துவிட்டு 'எனக்கும் உப்புசம் இருக்கே, நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திடறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் டெஸ்ட். டி.டி.ஜி. என்கிற ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியில் குடல் சதை எடுத்துப் பார்ப்பது. கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போனால் வியாதி இருந்தும் 'இல்லை' என்று காட்டக்கூடும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அண்ணன், அண்ணி, குட்டியின் தம்பி மூவரும் டெஸ்ட் எடுத்தார்கள். தம்பிக்கு இல்லை. அண்ணனுக்கு இருந்தது! நாற்பத்தாறு வயதுவரை ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்ததில்லை அவன்.

மூன்று மணி, வெள்ளிக்கிழமை

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு கடை, மூன்று மணி. சிநேகிதிகள் இரண்டு பேரும் வந்தார்கள். நான் தள்ளி ஒரு மேஜையில் உட்கார்ந்தேன். 'நீங்க பேசக் கூடாது' என்பது ஒப்பந்தம்.

கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தர வயதுப் பெண்மணி. குட்டி அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். கொஞ்சம் வேகமாகத்தான் சொன்னாள், ஆனால் முதலிலேயே சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதியது மாட்டிக்கொண்டு, உள்ளே போய்ச் சோறும் பீன்ஸும் புதுப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். பின்னால் நின்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கிண்ணத்தை மூடி, மேலே பேனாவால் ஏதோ எழுதி, அவரே கல்லாவரைக்கும் எடுத்து வந்து கொடுத்தார்.

அன்று ராத்திரி பத்து மணிவரைக்கும் நான் குட்டியின் அறை வாசலில்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். "அத்தை, போய்த் தூங்குங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை போகிறாளாம். அண்ணி போனில் சொன்னாள், சிநேகிதி ஒருத்தி வரிசையில் முன்னால் நின்று "அவளுக்குக் க்ளவ்ஸ் மாத்தணும்" என்று இவளுக்கு முன்னால் சொல்லிவிடுகிறாளாம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு சரிக்கு வந்துவிட்டது. அது பரிட்டோவாலா, பெருங்காயத்தாலா என்று அம்மா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீஸ் மட்டும் குட்டி வேண்டாம் என்றுதான் சொல்கிறாளாம், புது டப்பா பிரித்தாலும்.